கழுவி வைத்த பெட்டி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

நான் ஆராயும் சிலந்தி இனத்தில் இதுவரை பெண்ணை மட்டுமே பார்த்திருக்கிறார்கள். எட்டு மாதம் காட்டில் அலைந்து, முழுதாக வளராத ஓர் ஆணைப் பிடித்தேன். தீபாவளிக்கு ஆய்வகத்தைப் பூட்டியதால், அதைக் கண்ணாடிப் பெட்டியோடு பிரிக்பீல்ட்ஸில் என் வாடகை அறைக்கே கொண்டுவந்தேன். நேற்று குளித்துவிட்டு வந்து பார்த்தால் பெட்டி பளபளக்கிறது.

"பொட்டிக்குள்ளகூட ஒட்டடை லா! நல்லா கழுவி வச்சிட்டேன்மா," என்றார் வீட்டுக்கார ஆன்டி. கையில் முறுக்கும் கொடுத்தார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

கவலைப்படாதீர்கள், மறுபடி தேடலாம். இந்த அறையில் நான் பேசிக்கொண்டிருந்தது அதனோடுதான்.

மறுபடி காட்டுக்குப் போக ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ஒன்று மட்டும் அப்பா: பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது என் அறையில் ஒட்டடை அடிக்காதீர்கள். நான் வரும்வரை அங்கே ஏதாவது ஒன்று குடியிருக்கட்டும்.

உங்கள்
நித்திலா