பென்னலூர் என்னும் சிக்கன நாடு

பென்னலூர்

அன்புள்ள இசைவாணிக்கு,

நானும் அம்மாவும் இங்கே நலம், என் முழங்காலையும் கோபத்தையும் கணக்கில் சேர்க்காவிட்டால். நீயும் மாப்பிள்ளையும் ஜெர்மனியில் சுகமாக இருக்க வேண்டும். போன வாரம் நீ பேசும்போது சிக்னல் போகவில்லை, நான்தான் போனை வைத்தேன். வெயிலில் மயங்கி விழுந்த அம்மாவுக்கு ஏ.சி. போடச் சொன்னால் நீங்கள் கரண்டு கணக்குப் பேசுகிறீர்களே என்றாய், சுருக்கென்றது. உன் ஆபீசில் நாடு நாடாக ஒப்பிட்டுப் போடும் அட்டவணையை நீதானே அனுப்பினாய்? வீடுகளில் ஆளுக்கு எத்தனை யூனிட் கரண்டு என்ற அந்த வரிசையின் அடியில் நம் வீட்டையும் ஒரு நாடாக எழுதி, எல்லா நாட்டையும்விடக் குறைவாகச் செலவழித்து ஜெயித்துவிட்டோம் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். ஜெயித்த நாடு ஏ.சி. போடலாமா?

மாடியில் குடியிருக்கும் சுடலைக்கண்ணுவிடமும் காட்டினேன். ஒரகடத்தில் ஷிப்டு போகிற திருநெல்வேலிக்காரன். பார்த்துவிட்டு, ஐயா, மாடியில எங்க நாலு பேரையும் சேர்த்துல்லா வகுத்திருக்கிய, நாங்க திங்கது, போன் சார்ஜ் போடுதது எல்லாம் கம்பெனியில, இங்க தூங்க மட்டும்தான வாரோம், எங்க கரண்டு கம்பெனிக் கணக்குல்லா என்றான். அதற்கும் நான் அசையவில்லை. அம்மாதான் அடுப்படியிலிருந்து, யோவ், உன் பொண்ணு ஊர்ல குளிருக்கு வூட்ட சூடு பண்ணிக்கினு ஜனங்க சொகமா தூங்குது, இங்க நான் ஈரத்துணிய மேல போட்டுக்கினு கெடக்கறேன், நீ மிச்சம் புடிச்சது கரண்டு இல்ல, என் தூக்கம் என்றாள். பள்ளிக்கூடம் முடிக்காமல் மோட்டார் வைண்டிங் கற்ற நான், எத்தனை யூனிட் என்று பார்க்காதே, ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு வேலை நடந்தது என்று பார் என ஊருக்கே சொன்னவன். வேலையே நடக்காத இடத்தில் முதல் பரிசு வாங்கியிருக்கிறேன்.

வியாழக்கிழமை ஏ.சி. மாட்டியாகிவிட்டது. நீ சொன்னதற்காக இல்லை. யூனிட்டுக்கு அதிகக் குளிர் தருவது எது என்று ஸ்ரீபெரும்புதூரில் கடை கடையாக நானே ஒப்பிட்டேன், ஒரு கடைக்காரர் நான் திரும்பி வருவதைப் பார்த்து உள்ளே போய்விட்டார். மறுநாள் காலை கம்பெனி பஸ்கள் எல்லாம் ஹாரன் அடித்துப் போயும் அம்மா எழவில்லை. பயந்துபோய் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பாமல் நானே காபி போட்டுக் குடித்தேன், வாயில் வைக்க முடியவில்லை.

நீங்கள் இருவரும் நோய்நொடி அண்டாமல் நிறைவாக இருக்க என் ஆசிகள். உன் அட்டவணையில் எனக்கு இன்னும் இரண்டு சந்தேகம் உண்டு, அதை விடுவதாக இல்லை. அம்மாவிடம் பேசுவதானால் காலையில் சீக்கிரம் கூப்பிடாதே. தூங்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
நாகப்பன்