ஓட்டைப்பல் நேரலை

மார்ச் 4, புதன்

இந்த வாரத் தலைப்பு செருப்பு.

சாப்பாட்டு மேசை முழுக்க இசைத்தட்டுகள். நான் அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிட்டேன். என் வீட்டு வானொலியார் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு செருப்பைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். பகலில் இன்சூரன்ஸ் கம்பெனி, சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு வானொலி. வாராவாரம் ஒரு தலைப்பு, ஒரு மணி நேரம். நாட்டுப்பாடல், ப்ளூஸ் என்கிற அமெரிக்கச் சோகப் பாட்டு, ராக் பிறந்த புதிதில் வந்த பாட்டு. ரயில் என்றால் ரயிலைப் பாடியவர்கள், மழை என்றால் மழையைப் பாடியவர்கள். நடுநடுவே இவர் விளக்குவார். பாடியவன் பசியில் பாடினான். இவர் ஏப்பத்தை அடக்கிக்கொண்டு அந்தப் பசியை விளக்குவார்.

அக்கா போன் செய்தாள். அவள் ஊரில் பல் கட்டும் லேப் திறக்கிறாளாம், நான் இங்கே பார்க்கும் அதே வேலை. "கட்டுற பல்லெல்லாம் உன் கை, கணக்கு வழக்கெல்லாம் என் கை. பாதிப் பங்கு உனக்கு. ஏப்ரல் நடுவுக்குள்ள சொல்லு, இல்லன்னா வேற ஆளப் பாக்கணும்" என்றாள். "அவரு?" என்றேன். "அவருக்கு ரேடியோ இருக்குல்ல" என்றாள். யோசிக்கிறேன் என்றேன். என்னத்தை யோசிப்பது?

மார்ச் 7, சனி

ஆறு மணிக்குச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு கிளம்பினார். ஸ்டூடியோவாம், நேரலையாம். ஏழு மணிக்கு அந்தக் குரல் வந்தது. தேன். அப்படியே தொண்டையில் ஊற்றி எடுத்த மாதிரி. கிழிந்த செருப்போடு ஊர் ஊராக அலைந்த ஒரு பாடகனைப் பற்றிச் சொல்லும்போது குரல் தழுதழுத்தது. என் செருப்பு வார் அறுந்து மூன்று வாரமாகிறது. கண்ணில் பட்டதா?

பிறகு அருள்வாக்கு ஒன்று. "கிடாரில் மூன்று கார்டு, அதாவது மூன்று சுரக்கூட்டு, தெரிந்தால் போதும், அன்பர்களே. இந்த இசையை யார் வேண்டுமானாலும் வாசித்துவிடலாம். வாசிப்பதல்ல, உணர்வதுதான் கடினம்." கிடாரைத் தொட்டுப் பார்க்காதவர் பேச்சு இது. ஊருக்கு உபதேசம்.

எதிர்வீட்டம்மா வாசலில் பிடித்துக்கொண்டார். "உங்களுக்கென்னம்மா, வீட்டுக்குள்ளயே ரேடியோ!" வீட்டுக்குள் அந்த ரேடியோவுக்கு யாரும் பேட்டரி போடுவதில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. சிரித்து வைத்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

இன்று அவர் என்னிடம் பேசியது: "உப்பு."

மார்ச் 12, வியாழன்

புது இசைத்தட்டின் பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கிழித்திருக்கிறார் மனிதர். கத்தரிக்கோல் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருக்கிறது. முன்னால் கட்டியிருந்த பொய்ப்பல் இரண்டாக உடைந்துவிட்டது. கல்யாணமான புதிதில் என் கையால் கட்டிய பல். நிறம் பார்த்து, ஓரத்தை நாலு தடவை இழைத்து, ஒரு மணப்பெண் செய்கிற வேலையா அது? செய்தேன்.

டாக்டர் அளவெடுத்து, புதுசு வரும்வரை சமாளிக்க ஒரு தற்காலிகப் பல்லை மாட்டி அனுப்பினார். "கல்லக் கடிச்ச மாதிரி இருக்கு" என்று வீட்டுக்கு வந்ததுமே வானொலியார் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டார். இப்போது முன்னால் ஓட்டை. 'ச' வந்தால் போதும், குக்கர் மாதிரி விசில். "சனிக்கிழமைக்குள்ள பல்லு வந்துடுமா?" என்று கேட்டார். அதில் ஒரு விசில். வராது என்றேன். அச்சு என் மேசைக்குத்தான் வந்திருக்கிறது.

நாள் முழுக்க ஊரார் வாயோடுதான் என் பிழைப்பு. எல்லா வாயும் எனக்குப் பிளாஸ்டரில் வரும், பேசாது. அதனால்தான் இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது.

மார்ச் 14, சனி

பொறு. நிதானமாக எழுதுகிறேன்.

ஆறு மணிக்குக் கிளம்பினார். வாசலில் "சாவி எடுத்துக்கிட்டேன்" என்றார். விசில். இன்று வானொலியில் இவர் மானம் கப்பலேறப் போகிறது என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். தலைப்பும் சிறை. இதைவிட வேறென்ன வேண்டும்?

"நேரலையில் உங்களோடு நான்" என்று ஆரம்பித்தார். சிறை, சங்கிலி, சாட்டை, சோகம். ஒன்றிலாவது காற்று போக வேண்டுமே! வழவழவென்று வந்தன அத்தனையும். அந்த வாயை அச்சில் பார்த்தவள் நான். முன்பல் இல்லாமல் அந்த 'சோகம்' வராது. உலகத்தில் யார் வாய்க்கும் வராது.

அப்படியானால் இது முன்பே பதிவு செய்தது. அப்படியானால் சனிக்கிழமை சனிக்கிழமை ஆறு மணியிலிருந்து ஒன்பது வரை இவர் எங்கே போகிறார்?

மார்ச் 15, ஞாயிறு

"நேத்து நேரலை எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். "ஸ்டூடியோல ஏசி ஜாஸ்தி" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார், அதுவும் விசிலோடு.

இடது கை விரல் நுனிகளில் பிளாஸ்திரி. கேட்டால், உறை கிழித்துவிட்டதாம். நாலு விரலையுமா? எவள் வீட்டில் அடுப்பில் சுட்டுக்கொண்டாரோ. இங்கே ஒரு தம்ளர் கழுவியதில்லை.

பொம்பளைதான். வேறென்ன?

மார்ச் 17, செவ்வாய்

பல் தயார். நன்றாக வந்திருக்கிறது, என் கைக்குத் துரோகம் செய்யத் தெரியாது. டப்பாவில் போட்டு, தேதி ஒட்டி, என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டேன். லேப் முதலாளியிடம், வீட்டு வாய்தானே, மெதுவாகப் போகட்டும் என்றேன். இவரிடம் "சூளையில விரிசல் விட்டுடுச்சு, மறுபடி செய்யணும்" என்றேன். "ச்சே" என்றார். விசில்.

அந்த ஓட்டை இருக்கும்வரை அந்த வாயால் என்னை ஏமாற்ற முடியாது. இருக்கட்டும்.

மார்ச் 21, சனி

இன்றைய தலைப்பு துரோகம்! மனசாட்சியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் எழுதியிருப்பார். கணவனை ஏமாற்றியவள், மனைவியை ஏமாற்றியவன், ஒருவர் விடாமல் வரிசையாகப் பாட்டு. "ஏமாற்றப்பட்டவரின் மௌனத்தில்தான் ப்ளூஸ் பிறக்கிறது" என்றார். பிறக்கும், பிறக்கும். எனக்கு வயிறுதான் எரிந்தது. ரேடியோவை அணைத்துவிட்டு, அணைத்ததற்காக அழுதேன். சீ, இந்த ஆளுக்காகவா?

அக்காவிடம் சொன்னேன். "வந்துடறேன்க்கா. முடிவு பண்ணிட்டேன்."

"பாக்காம முடிவு பண்ணாத. நாளைக்கு என் வீட்ல உக்காந்து, இருக்குமோ இருக்காதோன்னு பொலம்புவ, அதக் கேக்க எனக்குத் தெம்பு இல்ல. போய்ப் பாரு. அவரையும் பாரு, அவளையும் பாரு. பாத்துட்டுக் கெளம்பி வா."

மார்ச் 28, சனி

பார்த்துவிட்டேன்.

இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளி ஒரு டயர் கடை. பக்கத்தில் மாடிப்படி. இவர் ஏறியதைப் பார்த்தேன். மேலே சன்னலில் ஒருத்தி, தலைமுடியைக் கட்டையாக வெட்டியவள், வயசு முப்பதுகூட இருக்காது. இவரைப் பார்த்ததும் கையை ஆட்டினாள். சரி, இவள்தான் என்று நினைத்தேன். என்ன கேட்பது, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று டயர்களுக்கு நடுவே நின்று ஒத்திகை பார்த்தேன். அதற்குள் ஏழு மணி. கடைக்காரர் ரேடியோவைத் திருகினார். "நேரலையில் உங்களோடு நான்" என்று என் புருஷன் குரல் டயர் கடையில் கேட்கிறது. ஆள் மாடியில்.

ஏறினேன். கதவில் சின்னக் கண்ணாடி. உள்ளே குட்டை நாற்காலிகள், அரைவட்டமாக. எட்டு, ஒன்பது வயசுப் பிள்ளைகள், மடியில் கிடார். நடுவில், முழங்கால் தாடையை இடிக்க, எங்கள் வானொலியார்.

கட்டைமுடிக்காரிதான் டீச்சர். "அங்கிள், மறுபடியும். சுண்டு விரலத் தூக்காதீங்க."

"இந்தக் கம்பி கொஞ்சம் தளர்ந்திருக்கு போல, டீச்சர்" என்றார் விசிலோடு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

"கம்பியெல்லாம் நல்லாத்தான் இருக்கு, அங்கிள்."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தன. பக்கத்தில் இருந்த ஒற்றைச் சடைப் பெண் எட்டி, அவர் விரலைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்தாள். மீட்டினார். தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி ஒரு சத்தம். மூன்று கார்டில் ஒன்றுகூட உருப்படியாக வரவில்லை. நெற்றியெல்லாம் வியர்வை. மறுபடி மீட்டினார்.

சத்தமில்லாமல் இறங்கி வந்தேன். பேருந்து நிறுத்தத்தில் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார். வீட்டுக்கு வரும்வரை சிரித்தேன், வந்த பிறகு கோபம் வந்தது. விஷயம் ஒரு பெண்ணாக இருந்திருந்தால் இந்நேரம் பெட்டி கட்டியிருப்பேன். இதற்கு என்ன செய்வது? சண்டை போடலாமென்றால் என்னவென்று போடுவது?

மார்ச் 30, திங்கள்

என்னிடம் ஏன் சொல்லவில்லை? டயர் கடை மாடியில் எட்டு வயசுப் பிள்ளை விரலைப் பிடித்துத் திருத்தலாம், எனக்குத் தெரியக்கூடாதா?

சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியும். அது வேறு விஷயம்.

ஏப்ரல் 2, வியாழன்

நிகழ்ச்சிக்கு மூன்று வயசாகிறதாம். வரும் பதினொன்றாம் தேதி நேயர்கள் போனில் பேச, நிஜமாகவே நேரலை என்று தயாரிப்பாளர் சொல்லிவிட்டார். 'நிஜமாகவே' என்ற வார்த்தை இவர் வாயிலிருந்து நழுவியது. நான் கேட்காத மாதிரி துணி மடித்தேன். "பல்லு எப்பத்தான் வரும்?" என்று கெஞ்சினார். "மறுபடியும் விரிசல்" என்றேன். ஊரே கேட்கட்டும் அந்த விசிலை.

"தலைப்பு என்ன?" என்று கேட்டேன். "இன்னும் தெரியல" என்றார், மூன்று வருஷத்தில் முதல் தடவையாக.

ஏப்ரல் 8, புதன்

கிளாசிலிருந்து ஒளித்துக் கொண்டுவந்த கிடாரை, குளியலறைக் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு உள்ளே வாசிக்கிறார். பூனை கண்ணை மூடிக்கொண்டதாம். இரண்டு கார்டு வருகிறது. மூன்றாவது இன்னும் செத்த எலிதான்.

ஏப்ரல் 11, சனி

ஏழு மணி. "நேரலையில் உங்களோடு நான்." குரல் தேனில்லை. தொண்டை காய்ந்த ஒரு ஆள். "இன்றைய தலைப்பு, கற்றுக்குட்டி" என்றார். "சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது." விசில். நல்ல பெரிய விசில்.

சொன்னார். மூன்று வருஷமாக விளக்கியதைத் தனக்கு வாசிக்கத் தெரியாது என்று. மூன்று கார்டு போதும் என்று திமிராகச் சொல்லிவந்ததை மூன்று மாசமாகக் கற்றுக்கொள்கிறேன், ஒன்பது வயசுப் பிள்ளைகள் என்னை முந்திவிட்டார்கள் என்று. அந்த மூன்று மாசமாகவே இது நேரலை இல்லை, மாச முதல் வாரத்திலேயே நாலு வாரத்துக்கும் சேர்த்துப் பேசி வைத்துவிடுகிறேன் என்று. தயாரிப்பாளருக்கு நெஞ்சு வலித்திருக்கும். எனக்கும் எரிச்சல்தான். கட்டினவளிடம் சொல்லாததை ஊருக்குச் சொல்கிறார்!

பிறகு வாசித்தார். இரண்டாவது வரியில் விழுந்தார். நிறுத்தினார். ஒரு நேயர் போனில் வந்து, "சார், தயவுசெஞ்சு பாட்டப் போடுங்க" என்றார். "ஒரு நிமிஷம், சார்" என்று சொல்லிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். மூன்றாவது கார்டு வந்தது. தேய்ந்துபோய், முனகிக்கொண்டு, வந்துவிட்டது. நான் எழுந்து நின்றிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை.

எதிர்வீட்டம்மா கதவைத் தட்டினார். "என்னம்மா, இன்னிக்கு வேற யாரோ பேசறாங்க? உங்க வீட்டுக்காரர் குரல் மாதிரியே இல்லையே."

"இன்னிக்குத்தாம்மா அவரு பேசறாரு" என்றேன்.

ஒன்பது மணிக்கு வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். "கேட்டியா?"

இந்த மூன்று வருஷத்தில் அவர் இதைக் கேட்டதே இல்லை.

"கேட்டேன்."

"எப்படி இருந்துச்சு?"

"கேவலம்" என்றேன்.

சிரித்தார், ஓட்டை தெரிய. நானும் சிரித்துத் தொலைத்தேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

அக்காவிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். "அடிப்பாவி, மன்னிச்சிட்டியா?" என்றாள். "மன்னிக்கிறதா? அவரு வாசிச்சத நீ கேட்டிருந்தா இப்படிக் கேக்க மாட்ட. அது ஒழுங்கா வர்ற வரைக்கும் பக்கத்துல யாராவது திட்ட வேணாமா?" என்றேன். அவளுக்குக் கோபம். வேறு ஆள் பார்த்துக்கொள்வாள்.

ஏப்ரல் 14, செவ்வாய்

இழுப்பறையைத் திறந்து பல்லை டாக்டரிடம் கொடுத்தேன். மாட்டிவிட்டார். டப்பாவின் மேல் ஒட்டியிருந்த தேதியை வானொலியார் படித்தார். என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த ஈறு நோய்ப் படத்தைப் பார்த்தேன்.

இனி அந்த வாயில் எது நிஜம், எது பதிவு என்று கண்டுபிடிக்க என்னிடம் எதுவும் கிடையாது.

ஏப்ரல் 18, சனி

நிகழ்ச்சியை நிறுத்தவில்லை. ஆனால் நேரலை என்று சொல்லக்கூடாது என்று உத்தரவாம். ஆறு மணிக்குக் கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒளிக்காமல், வாசலில் நின்றார். "கிளாசுக்குப் போயிட்டு வந்துடறேன்." சுத்தமான 'ச'.

"சுண்டு விரலத் தூக்காதீங்க" என்றேன்.

இரண்டு படி இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. நான் கதவைச் சாத்திக்கொண்டு வந்து மேசையில் இருந்த இசைத்தட்டுகளை ஓரமாக அடுக்கினேன், இரண்டு சாப்பாட்டுத் தட்டு வைக்க இடம் வந்தது.