செவ்வாயும் புயலும்

மார்ச் 4, செவ்வாய்

தர்க்கத் தேர்வில் பத்துக்கு ஒன்பது. வகுப்பிலேயே அதிகம் எனக்குத்தான். ஆனால் போன அந்த ஒன்று உறுத்துகிறது.

p, q என்ற இரண்டு கூற்றுகளும் மெய் என்றால் ‘p அல்லது q’ மெய்யா, பொய்யா? பொய் என்று எழுதியிருந்தேன். வேறென்ன எழுதுவது? எங்கள் அம்மா “சோளக் கென்கேயா, சோறா?” என்று கேட்கும்போது யாராவது இரண்டும் என்று சொல்லிப் பார்க்கட்டும்.

க்வான்சா சார் என் தாளைத் தூக்கிப் பிடித்தார். “அரபா, உங்கப்பா படகு எப்பல்லாம் கரையில கிடக்கும்?”

“செவ்வாய்க்கிழமைன்னா, இல்ல புயல் அடிச்சா, சார்.” செவ்வாய் கடலுக்கு ஓய்வு நாள். எங்கள் கரையில் யாரும் வலை வீச மாட்டார்கள்.

“சரி, செவ்வாய்க்கிழமையில புயலும் அடிச்சா? கிளம்பிப் போயிடுவாரா?”

வகுப்பே சிரித்தது. நானும்தான். ஒன்று மெய்யானால் போதும். இரண்டும் மெய்யானாலும் குற்றமில்லை. இனி மறக்காது.

மார்ச் 5

‘உம்’ போட்டுச் சேர்க்கும் கூற்றுக்கு அடையாளம் ∧, கவிழ்த்து வைத்த படகு. ‘அல்லது’ கூற்றுக்கு ∨, மிதக்கிற படகு. தோழி எக்குவாவிடம் சொன்னேன். “உனக்கு முத்திடுச்சுடி” என்றாள்.

மார்ச் 7, வெள்ளி

எதைக் கேட்டாலும் ‘உம்’மா, ‘அல்லது’வா என்று மனம் பிரித்துக்கொண்டே இருக்கிறது. இன்று எங்கள் முற்றம்:

அம்மாவும் அத்தையும் மீன் புகைபோடுகிறார்கள். மெய்.

அம்மாவும் அத்தையும் பேசிக்கொள்கிறார்கள். பொய். கிறிஸ்துமஸிலிருந்தே பொய்.

எல்லாம் மீனை அடுக்கிப் புகைபோடும் மூன்று கம்பித் தட்டுகளால் வந்தது. அப்பாவின் தங்கையான அத்தையிடம் அம்மா இரவல் வாங்கினாள். திரும்பிப் போனபோது ஒன்றின் சட்டம் கரிந்திருந்தது. முன்பே கரிந்ததுதான் என்கிறாள் அம்மா. அதிலிருந்து நான்தான் தபால்காரி.

“உங்க அத்தைகிட்ட சொல்லு, அவ அடுப்புப் புகை இந்தப் பக்கம் வருதுன்னு.”

“காத்து என் பேச்சைக் கேக்குமான்னு உங்கம்மாகிட்ட கேளு.”

இருவருக்கும் நடுவே பத்தடி. நான் அந்தப் பத்தடியை நடந்துபோய்ச் சொல்ல வேண்டும்!

மார்ச் 12, புதன்

பள்ளிகளுக்கிடையிலான தர்க்கப் போட்டிக்கு என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். வரும் செவ்வாய், எங்கள் பள்ளி மண்டபத்திலேயே. கையோடு ஒரு கடிதமும்: ‘பெற்றோர் அல்லது காப்பாளர், ஒருவராவது வந்து அமர வேண்டும். இல்லையேல் இடம் அடுத்த மாணவிக்கு.’

செவ்வாய்தோறும் அப்பாவுக்கு மீனவர் தலைவர் வீட்டில் பஞ்சாயத்து. அதை விட்டு வரமுடியாது.

அம்மா சொன்னாள்: “உங்க அத்தையக் கூட்டிட்டுப் போ. அவதானே பள்ளிக்கூடம் போனவ.”

அத்தை சொன்னாள்: “பெத்தவ இருக்கிறப்போ நான் எதுக்கு? அப்புறம் அதுக்கும் ஒரு பேச்சு வரும்.”

p பொய், q பொய். மெய் அட்டவணையின் கடைசி வரி. ‘அல்லது’ தோற்பது அந்த ஒரே வரியில்தான். நான் அங்கேதான் நிற்கிறேன்.

மார்ச் 14

மறுபடி கேட்டேன். மறுபடி அதே வரி.

மார்ச் 16, ஞாயிறு

தேவாலயம் விட்டு வந்ததும் ஒரு காரியம் செய்தேன். அம்மாவிடம் போய், “அத்தை வர மாட்டாங்களாம்” என்றேன். மீனைத் திருப்பிக்கொண்டிருந்த கை நின்றது.

“வர மாட்டாளாமா? அண்ணன் மகளுக்கு இதுகூடச் செய்ய மாட்டாளா?”

அந்தப் பக்கம் போய், “அம்மா வர மாட்டாங்களாம்” என்றேன்.

“ஓகோ. மகளைவிட அடுப்பு பெருசாப் போச்சாமா அவளுக்கு?”

நான் சொன்ன இரண்டுமே மெய். பிறகு ஏன் திருடியைப்போல் இருக்கிறது? இதற்குப் பிறகும் வருகிறேன் என்று இருவருமே சொல்லவில்லை என்பதும் மெய்தான்.

மார்ச் 17

எங்கள் முற்றத்தில் கரி இஸ்திரிப் பெட்டி ஒன்றுதான். அம்மா அவளுடைய நீலத் துணியைத் தேய்த்து முடித்ததும் அத்தை பெட்டியைக் கேட்டு வாங்கிவரச் சொன்னாள். எதற்கென்று இருவருமே சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

அம்மா வந்தாள். முன்வரிசை பெஞ்சில் உட்கார்ந்தாள். எனக்கு அதுவே போதும் என்றிருந்தது.

பத்து நிமிடம் கழித்து வாசலில் அத்தை. அம்மாவைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். திரும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். க்வான்சா சார், “ஒருத்தராவதுன்னுதான் எழுதியிருக்கோம். உள்ளே வாங்கம்மா” என்றார். அதே பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள். நடுவில் மூன்று பேர் உட்காரலாம்.

நான்காவது கேள்வியில் புயல் வந்தது. தகரக் கூரையில் அப்படி ஒரு மழை, கேள்வி யார் காதிலும் விழவில்லை. போட்டியை நிறுத்தினார்கள். அத்தையின் கோடியில் கூரை ஒழுகியது. ஓர் ஆள் தள்ளி உட்கார்ந்தாள். அங்கேயும் ஒழுகியது. இன்னும் தள்ளினாள். மேடையிலிருந்து அம்மாவின் உதடு அசைவதைப் பார்த்தேன். அத்தை ஏதோ பதில் சொன்னாள். ஒன்றும் கேட்கவில்லை.

மழை குறைந்ததும் மிச்சப் போட்டி நடந்தது. எங்களுக்கு இரண்டாமிடம். அதைப் பற்றி நாளை எழுதலாம். வீட்டுக்கு வரும் வழியில் அம்மாவிடம் கேட்டேன், அத்தையிடம் என்ன சொன்னாய் என்று.

“தட்டெல்லாம் வெளியில நனையுதேன்னு சொன்னேன்.”

“யாரோட தட்டு?”

“ரெண்டு பேரோடதும்தான்” என்றாள். அத்தை முன்னால் நடந்துகொண்டிருந்தாள், அம்மாவின் மேல்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு.

மார்ச் 19, புதன்

அப்பாவின் படகு நிறைய மீனோடு வந்தது. அம்மா தன் அடுப்பிலிருந்தே அத்தைக்குக் குரல் கொடுத்தாள்: “மான்சா, ரெண்டு தட்டு குடு.”

“கருக்காமத் திருப்பிக் குடு.”

“உன் தட்டு கருகியே பொறந்தது.”

என்னை யாரும் கூப்பிடவில்லை. மாலை முழுவதும் உட்கார்ந்து வீட்டுப்பாடத்தை முடித்தேன்.