வேலியைச் சமைத்த கதை

சோட்டோ,
அக்டோபர் 9

அன்பு மகள் லுட்வினாவுக்கு, அப்பா எழுதுவது. இங்கே தீவில் நானும் ஆடுகளும் சௌக்கியம், ராட்டர்டாம் குளிரில் காதை மூடிக்கொண்டு நீயும் சௌக்கியமாக இருப்பாய். கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பதறாதே, நான் சொல்லச் சொல்ல பக்கத்து வீட்டு எர்சிலியா எழுதுகிறாள். கடிதமே நீ ஓயாமல் கேட்கிற என் கண் விஷயமாகத்தான். போனில் சொன்னால் நடுவில் புகுந்து திட்டுவாய்.

டிசம்பர் கல்யாணம் பற்றிப் பேச உன் வருங்கால மாமனாரும் மாமியாரும் ஞாயிற்றுக்கிழமை பட்டணத்திலிருந்து வந்தார்கள். சம்பந்திகளுக்கு என் கையாலேயே கடூஷிக் கள்ளிச் சூப் என்று ஜம்பமடித்திருந்தேன். காலையில் ஒரு கிளையை வெட்டி, முள்ளைச் சீவி, உப்புக்கறியோடு வேகவைத்து, கை ஓயும்வரை மத்தால் கடைந்தேன், வழவழப்பு வந்தால்தானே! நார்நாராக மிதந்தது. எர்சிலியா ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, "அட பாவி மனுஷா, வேலியைப் போட்டுல்ல சமைச்சிருக்கே!" என்று சம்பந்திகள் எதிரிலேயே கத்தினாள். ஆமாம்மா, நான் வெட்டியது வேலிக்கு நடுகிற டாட்டூக் கள்ளி. கடூஷிக்கு மரம்போல ஒற்றை அடிமரம், தலைக்கு மேலேதான் கிளை பிரியும், டாட்டூ தரையிலிருந்தே கொத்தாகக் கிளம்பும், நம் ஊர்க் கைக்குழந்தைக்கும் தெரியும். நீ சிரிக்காதே. சன்னலோரத் தொட்டியில் ஒரு முழக் கடூஷியை வைத்துக்கொண்டு பூக்கவில்லை என்று புலம்புகிறவள்தானே நீ. ஆளுயரம் தாண்டாமல் அது ஏன் பூக்கும்? பூத்தாலும் ராத்திரியில் தேன் குடிக்க வௌவாலுக்கு எங்கே போவாய்? உன் மாமனார் மட்டும் முகம் சுளிக்காமல் இரண்டாவது கிண்ணம் வாங்கிக் குடித்தார், அந்த வீட்டுக்கு நீ தைரியமாகப் போகலாம்.

அவர்கள் போனதும் எர்சிலியா, "கள்ளியே அடையாளம் தெரியல, கல்யாணத்தன்னைக்குப் பொண்ணுன்னு நெனச்சு மாமியாக்காரி கையைப் புடிச்சிடாதேய்யா" என்றாள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதேன். இரண்டு வருடமாக நீ ஆபரேஷன், ஆபரேஷன் என்று கெஞ்சினாய், கண் நன்றாகத் தெரிகிறது என்று பொய் சொன்னேன். பயம்தான் அம்மாடி, வேறென்ன. கண்ணில் கத்தி என்றால் சும்மாவா. ஆனாலும் மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சம்மதம் சொல்லிவிட்டேன். வரும் வியாழக்கிழமை ஆபரேஷன். லீவு போட்டுக்கொண்டு ஓடிவராதே, எர்சிலியா கூட வருகிறாள்.

கடவுள் உன்னையும் மாப்பிள்ளையையும் ஒரு குறையும் இல்லாமல் வைக்கட்டும். கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே. வியாழக்கிழமை எனக்காக ஒரு மெழுகுவத்தி ஏற்றிவை. கல்யாணத்தன்று கோயில் வாசலிலிருந்து பீடம்வரை நான்தான் உன் கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும் மகளே, நீ என்னைக் கூட்டிப்போகக் கூடாது.

இப்படிக்கு,
உன் அப்பா
உபால்டோ