ஒபுராவின் போன் ஏன் அடிக்கவில்லை

மசேனோ,
ஞாயிறு மதியம்.

அன்பு மகள் அகேயோவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். என் முட்டிக்கு மட்டும் மழை வரும் செய்தி ரேடியோவுக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. நீ அங்கே நைரோபியில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன்.

முதலில் நான் அவமானப்பட்ட கதையைச் சொல்லிவிடுகிறேன். உன் அம்மா சொன்னால் அது இரண்டு மடங்காகிவிடும். போன செவ்வாய்க்கிழமை, பூமத்திய ரேகைப் பலகையைத் தாண்டி வடக்கே மேல்பக்கம் போய் நின்றுகொண்டு, சவாரிக்கு பைக் கூப்பிட உன் கம்பெனி கொடுத்த போனில் எனக்கு ஒரு பைக் கூப்பிட்டேன். எதிரிலேயே, கூப்பிடு தூரத்தில், நம்முடைய பைக் ஸ்டாண்டு. நம் பையன்கள் வரிசையாக பைக் மேல் சாய்ந்து மாண்டாசிப் பலகாரம் தின்றுகொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவருடைய போனும் அடிக்கவில்லை. லுவாண்டாவிலிருந்து ஒரு பையன் சேறெல்லாம் தெறிக்க வந்து நின்றான். எங்கே போகணும் என்றான். நான் ஸ்டாண்டைக் காட்டினேன். அவன் என்னைப் பார்த்தான், ஸ்டாண்டைப் பார்த்தான். "பெரியவரே, இந்தக் கூப்பிடு தூரத்துக்கா என்னை லுவாண்டாவுலேர்ந்து வரவழைச்சீங்க?" என்றான். வந்தவனை வெறுமனே அனுப்பக் கூடாதே, ஏறி உட்கார்ந்தேன். பைக் ஸ்டாண்டுத் தலைவரான உன் அப்பா அடுத்த ஊர் பைக்கில் தன் ஸ்டாண்டுக்கே வந்து இறங்கினார். நம் பையன்களில் ஒவாகா மட்டும் சும்மா இருப்பானா? "தலைவரே, நம்ம பைக்கெல்லாம் உங்க வெயிட்டுக்குத் தாங்காதுன்னு வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல" என்றான். இன்றைக்குத் தேவாலயத்தில் பாடகர் குழு வரைக்கும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

ஏன் இந்த வேலை பார்த்தேன் என்று கேட்பாய். போனில் நான் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உளறுகிறேன், "அப்பா, என்ன நடந்ததோ அதை வரிசையா எழுதி அனுப்புங்க, அப்பத்தான் எங்களால சரிபண்ண முடியும்" என்று நீயும் பல தடவை சொல்லிவிட்டாய். அதனால் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் கை, பொறுத்துக்கொள்.

பலகைக்கு மேல்பக்கம் டயர் கடை வைத்திருக்கிற அந்தாயியை உனக்குத் தெரியும். உன் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிவிட்டு, நீ அழுதாய் என்று கூலி வாங்காமல் அனுப்பியவர். அந்தச் செவ்வாய்க்குக் கொஞ்ச நாள் முன்னால் அவர் மனைவி ரோடாவுக்குப் பிரசவ வலி எடுத்தது. நல்ல மழை. மேல்பக்கத்துக் கிளினிக்கில் சிஸ்டர் நெரேயா பார்த்துவிட்டு, குழந்தை திரும்பியிருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும் என்று உன் கம்பெனி கிளினிக்குக்குக் கொடுத்த போனை அழுத்தினார். ஆள் கிடைத்துவிட்டது, வருகிறார் என்று போன் சொன்னது. எங்கிருந்து வருகிறார் என்று போனில் மேப் படத்தைப் பார்க்க அந்த நேரத்தில் யாருக்குக் கை ஒழியும்? லுவாண்டாவிலிருந்து அந்த மழையில் அவன் வந்து சேர்வதற்குள் கிளினிக் சமையலறையிலேயே குழந்தை பிறந்துவிட்டது. பெண் குழந்தை. இரண்டு உயிரும் தங்கின, கடவுளுக்கு நன்றி. ஆனால் ரோடாவுக்கு ரத்தம் நிறையப் போய்விட்டது. இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள்.

வந்தவன் பேசாமல் போயிருக்கலாம். "மசேனோ ஆளுங்க எல்லாரும் மாட்டேன்னு சொல்லியிருப்பாங்க, அதான் எனக்கு வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான். அவனுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது.

மறுநாள் அந்தாயி ஸ்டாண்டுக்கு வந்தார். கையில் டயர் கழற்றும் கம்பி. அடிக்க எடுத்து வந்ததா, வேலையிலிருந்து அப்படியே வந்ததா, அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன். ரோடாவுக்கு வலி எடுத்த அன்றைக்கு ஸ்டாண்டு முறைப்படி முதல் ஆள் ஒபுரா. அந்தாயி அவனுக்கு நேரே நின்று, "என் பொண்டாட்டி லூயா இனத்துப் பொம்பளைங்கிறதாலதானே நீ எடுக்கல? உன் லுவோப் பொம்பளையா இருந்தா மழையில நீந்தியாவது வந்திருப்பே" என்றார். ஒபுரா, "அண்ணே, எங்கம்மா மேல ஆணையா போன் அடிக்கவே இல்லண்ணே" என்றான். "லுவாண்டாவுல அடிக்குது, இங்க அடிக்கலையா? என்னைப் பார்த்தா உனக்கு எப்படித் தெரியுது?" என்றார் அந்தாயி.  எனக்கே ஒரு நிமிஷம் ஒபுரா மேல் சந்தேகம் வந்தது. அவன் தூங்குமூஞ்சி என்பது ஊருக்கே தெரியும்.

அதற்கப்புறம் மேல்பக்கத்துக்காரர்கள் நம் பைக்கில் ஏறுவதில்லை. வாழைத்தார் கொண்டுவரும் பெண்கள் தலையில் சுமந்துகொண்டே நம்மைக் கடந்து போகிறார்கள். உன் அம்மா சந்தையில் அவித்த சோளம் கேட்டதற்கு, வியாபாரம் முடிந்துவிட்டது என்று சொன்னார்களாம், கூடை நிறைய சோளம் இருக்கும்போதே. மேலே லூயா, கீழே நாம் லுவோ என்று தேர்தல் சமயத்தில் இந்தப் பலகைக்கு இரண்டு பக்கமும் என்ன அடிதடி நடந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். அதெல்லாம் இப்படி ஒரு சோளத்தில்தான் தொடங்கும். ஒபுரா சாப்பிடுவதே குறைந்துவிட்டது. பொய்யன் என்ற பேரோடு இந்த ஊரில் எப்படி இருப்பது என்று ஒரு நாள் என்னிடம் கேட்டான்.

அதனால்தான் செவ்வாய்க்கிழமை அந்தப் பரீட்சை. லுவாண்டா பையன் என்னை இறக்கிவிட்டுப் போனதும், எல்லோரும் சிரித்து முடிக்கும்வரை நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டாண்டுத் தலைவர் போனில் ஒவ்வொரு ஓட்டுநர் பேருக்குக் கீழும் பொடி எழுத்தில் ஒரு கோர்வை வருமே, எழுத்தும் எண்ணும் கலந்து? இத்தனை நாள் அது ஏதோ கம்பெனி ரகசியம் என்று விட்டுவைத்திருந்தேன். போன கிறிஸ்துமஸுக்கு நீ மாண்டாசி மாவைத் தேய்த்துவிட்டு, கத்தியால் கட்டம் கட்டமாக வெட்டிக் காட்டியது நினைவுக்கு வந்தது. உலகத்தை இப்படி வெட்டி ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எழுத்து வைப்போம், அந்தத் துண்டை மறுபடி வெட்டி இன்னோர் எழுத்து சேர்ப்போம், துண்டு சிறுக்கச் சிறுக்க எழுத்து நீளும், எழுத்து ஒன்றுபோல் ஆரம்பித்தால் இடமும் பக்கத்தில் என்று சொன்னாய். அதனால் பக்கத்து பைக்கைத் தேடுகிற உன் மெஷின் ஊரெல்லாம் அளந்து பார்க்காது, எழுத்தை மட்டும் ஒத்துப் பார்க்கும் என்றாய். நான் தலையாட்டினேன். எனக்குப் புரிந்தது அந்த மாவு எண்ணெயில் போகப் போகிறது என்பது மட்டும்தான்.

இப்போது பார்க்கிறேன், நம் ஸ்டாண்டில் இருக்கிற எல்லோருக்கும் கோர்வை ‘கே’யில் ஆரம்பிக்கிறது. எழுந்து பலகையைத் தாண்டிப் போனேன், என் பேருக்குக் கீழே ‘எஸ்’. திரும்பி வந்தேன், ‘கே’. போனேன், ‘எஸ்’. இரண்டு கோர்வைக்கும் நடுவில் ஓர் எழுத்துகூட ஒத்துப்போகவில்லை. நான் இப்படிப் போவதும் வருவதுமாக இருந்ததில் கூட்டம் சேர்ந்துவிட்டது. வெள்ளைக்காரர்களுக்குத் தண்ணீர்த் தொட்டி வைத்து, இந்தப் பக்கம் இப்படிச் சுற்றும், அந்தப் பக்கம் அப்படிச் சுற்றும் என்று வித்தை காட்டுகிற பையன் வந்து, "தாத்தா, தண்ணிக்குப் பதிலா நீங்களே சுத்துறீங்களா? இது என் பொழப்பு" என்று கோபித்துக்கொண்டான்.

எனக்கு அந்த நேரத்தில் இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? உலகத்தையே வெட்டுகிற கத்தியின் முதல் வெட்டு நம்முடைய ஸ்டாண்டுக்கும் அந்தாயியின் டயர் கடைக்கும் நடுவில் விழுந்திருக்கிறது! முதல் வெட்டிலேயே பிரிந்துவிட்டதால், பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் இரண்டுக்கும் ஓர் எழுத்துகூடப் பொதுவில் இல்லை; லுவாண்டா தூரமாக இருந்தாலும் மேல்பக்கத்து ஊர், அதனால் அதற்கும் ‘எஸ்’. நைரோபியில் நீங்கள் எத்தனை தடவை பரீட்சை பார்த்தாலும் இது தெரிந்திருக்காது. அங்கே எல்லாமே ‘கே’தான் இல்லையா? நான் நினைப்பது தப்பாக இருந்தால் சிரித்துவிட்டுச் சரியானதை எழுது.

புதன்கிழமை அந்தாயியின் கடைக்குப் போனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு டயரில் காற்று அடித்தார். எனக்காக வேண்டாம், ஒபுராவுக்காக ஐந்து நிமிஷம் வாருங்கள் என்றேன். சிஸ்டர் நெரேயாவையும் கூப்பிட்டுக்கொண்டு வந்தார், தன் பக்கம் சாட்சி வேண்டும் என்றாராம். அந்தாயியைப் பலகைக்கு மேல்பக்கம் நிற்க வைத்தோம். ஒபுரா கீழ்ப்பக்கம். இருவரும் கை நீட்டித் தொட்டுக்கொள்ளும்படி நின்றால் எந்தப் பக்கம் என்று போன் கொஞ்சம் தடுமாறுகிறது, அதனால் இரண்டு பக்கமும் சற்றுத் தள்ளித்தான் நின்றார்கள். அந்தாயி கிளினிக் போனை அழுத்தினார். லுவாண்டா என்று வந்தது. ஒபுரா தன் போனை உயர்த்திக் காட்டினான், பிரசங்கியார் வேதப்புத்தகத்தை உயர்த்துகிற மாதிரி. அது செத்த மீன் போல் கிடந்தது. அந்த அழைப்பை ரத்து செய்துவிட்டு, ஒபுராவை அந்தாயியின் பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னேன். மறுபடி அழுத்தினார்.

ஒபுராவின் கையில் போன் அலறியது.

அந்தாயி அவன் போனையும் தன் கையிலிருந்த போனையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னொரு தரம்" என்றார். ஒபுரா கீழே போனான், அடிக்கவில்லை. மேலே வந்தான், அடித்தது. "இன்னொரு தரம்." நான்காவது தடவை ஒபுரா, "அண்ணே, என் பேட்டரி போயிரும்ணே" என்றான். அந்தாயி அவன் பின்மண்டையில் ஒரு தட்டுத் தட்டினார். கம்பியால் இல்லை, கையால். "முட்டாப் பயலே, அன்னைக்கே நீ தெருவைத் தாண்டி வந்து நின்னிருக்கக் கூடாதா?" என்றார். ஒபுரா அழுதுவிட்டான். சிஸ்டர் தன் பையில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

இப்போதைக்கு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். எந்நேரமும் நம் ஸ்டாண்டிலிருந்து ஒரு பைக் மேல்பக்கம், டயர் கடை வாசலில் நிற்கும். முதல் முறை தனக்குத்தான் வேண்டும் என்று ஒபுரா கேட்டு வாங்கிக்கொண்டான். அந்தாயி பெஞ்சு போட்டிருக்கிறார். உட்கார்ந்ததும் தூங்கிவிடுகிறான் என்று புகாரும் தொடங்கிவிட்டது. ஆனால் இது ஒட்டுப்போட்ட டியூப். அந்த ஒரு பைக் சவாரிக்குப் போய்விட்டால் மேல்பக்கம் மறுபடி காலி. அங்கே நாள் நெருங்கிய பெண்கள் நான்கைந்து பேர் இருக்கிறார்கள், மழையும் நிற்கவில்லை. மாதக் கடைசி வரை பார்ப்பேன், அதற்கப்புறம் இந்தப் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்று சிஸ்டர் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

நான் ஒரு யோசனை சொன்னால் சிரிப்பாயா? உப்பு தீர்ந்தால் உன் அம்மா நம் வீட்டு அலமாரியை மட்டும் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிடுவதில்லை, வேலிக்கு நாலு பக்கமும் குரல் கொடுப்பாள். உன் மெஷினும் தன் கட்டத்தைப் பார்த்துவிட்டு, எழுத்து என்னவாக இருந்தாலும் சுற்றியிருக்கிற கட்டங்களையும் ஒரு குரல் கேட்டால் ஆகாதா? இதைச் செய்ய ஒரு நாளா, ஒரு வருஷமா என்றுகூட எனக்குத் தெரியாது. வேறு சில கேள்விகளும் இருக்கின்றன. ஏரிக்கு எழுத்து உண்டா? நடு ஏரியில் படகு போகப் போக எழுத்து மாறுமா? நெட்வொர்க் மோசமான நாளில் மேப் படம் கட்டம் கட்டமாக வந்து ஒட்டுகிறதே, அந்தக் கட்டமும் இந்தக் கட்டமும் ஒன்றா? உன் அறைக்கு என்ன எழுத்து? அதை எழுதி அனுப்பு. மனப்பாடம் செய்துகொள்கிறேன்.

அம்மா காய்ந்த ஒமேனா மீன் ஒரு பொட்டலம் வைத்திருக்கிறாள். இந்தக் கடிதம் அதற்குள் இருக்கிறது, அதனால் வாசனை அடித்தால் என்னைத் திட்டாதே. ராத்திரி ரொம்ப நேரம் கண் விழிக்காதே என்று எழுதத்தான் நினைத்தேன். இந்த ஒரு வாரம் மட்டும் விழித்துக்கொள். கடவுள் உன் கண்ணையும் கையையும் காப்பார்.

ஒன்று மட்டும் பாக்கி. புதன்கிழமை எல்லாம் முடிந்து கலையும்போது அந்தாயி, "இவ்வளவு பெரிய உலகத்தை வெட்டத் தெரிஞ்சிருக்கு, நம்ம தெருவைத் தைக்கத் தெரியல. யாரு பெத்த பிள்ளைய்யா இது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ரோடா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள், குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. இது உன் வேலை என்று அவர்களுக்குத் தெரியாது; சொல்ல வாய் வரை வந்தது. கீழ்ப்பக்கம் உட்கார்ந்திருக்கிற ஒபுராவின் போன் மேல்பக்கத்துக்காக அடிக்கிற அன்றைக்கு, பலகையைத் தாண்டிப் போய் அவர்கள் வீட்டு வாசலில் நின்று சொல்லிக்கொள்ளலாம் என்று விழுங்கிவிட்டேன்: நான் பெற்ற பிள்ளை.

இப்படிக்கு,
உன் அப்பா,
சைலஸ் ஒயூகி