பரிதாவின் சடைக்குள் இருந்த தாயத்து

பாப்பிரெட்டிப்பட்டி,
14-11-87

அன்பு மகன் முனாபுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கு எல்லோரும் நலம், இந்த முறை ஒப்புக்கு எழுதவில்லை, மெய்யாகவே நலம். தம்மாமில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். உன் தங்கை பரிதாவுக்குத் தலையைத் திறக்க வேண்டியதில்லை. போய் ஒரு டீ குடித்துவிட்டு மீதியைப் படி.

தலைக்குள் கட்டி இருக்கலாம் என்று தர்மபுரி டாக்டர் சொன்னதிலிருந்து உன் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை, நான் வீறாப்புக்காகப் பாதி சாப்பிட்டேன். வேலூரில் ஸ்கேன் எடுக்கும் முன் கம்மல், கழுத்துத் தாயத்து எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள், உன் அம்மாதான் கழற்றினாள். பிள்ளையைப் படுக்கவைத்து, பெரிய வளையம் போன்ற மிஷினுக்குள் தலையை விட்டுப் படம் எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் படம் எடுப்பவர் வெளியே வந்து, படம் முழுக்க வெள்ளைக் கோடாக அடிக்குதுங்களே என்றார். பிள்ளை போச்சு என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். உன் அம்மா உள்ளே போய்ச் சடையைப் பிரித்தாள். உள்ளே அந்த வெள்ளித் தாயத்து! கழுத்துல வேணாம்னுதானே சொன்னாங்க, தலைமுடியில வெக்கக் கூடாதுன்னு யாருங்க சொன்னாங்க என்று என்னையே கேட்கிறாள்.

மறுபடி எடுத்த படம் தெளிவாக வந்தது. மூளையை ஒட்டிச் சின்னதாக ஒரு நீர்க்கட்டி, அபூர்வமாகச் சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே இருக்குமாம், கெட்ட கட்டி இல்லை, அது பாட்டுக்கு இருக்கட்டும், கத்தி வேண்டாம், அடுத்த வருஷம் ஒரு படம் எடுத்துப் பார்த்தால் போதும் என்றார் டாக்டர். தலைவலிக்குக் காரணம் கண் பார்வையாம், கண்ணாடிக்கு எழுதிக்கொடுத்தார்கள். உன் அம்மா அங்கேயே அழுதாள், நானும் அழுதேன், மகனிடம் சொல்ல வெட்கம் என்ன. பரிதாவோ, என் தலைக்குள்ள குளம் இருக்குது, உங்களுக்கு இருக்குதாடி என்று பள்ளிக்கூடத்தில் பெருமையடித்துக்கொண்டு திரிகிறாள்.

பஸ்ஸில் அரூர் வரைக்கும் உன் அம்மாவைத் திட்டிக்கொண்டே வந்தேன். பிறகு பிள்ளை என் மடியில் தூங்கியதும், சட்டைப் பையிலிருந்த தாயத்தை எடுத்து நானே அவள் கழுத்தில் கட்டினேன். உன் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், பார்க்காத மாதிரி.

நீ வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று எழுதியதை மறந்துவிடு, நோன்புக்கு லீவு கிடைத்தால் வா, போதும். வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல பரக்கத்தையும் தருவானாக. வரும்போது இரண்டு படத்தையும் பார். கோடு விழுந்த படம் எதற்கு என்று தூக்கிப் போடப் போனேன், உன் அம்மா பிடுங்கிக்கொண்டாள். அந்தக் கோடெல்லாம் நான் ஓதுன துஆங்க, வூட்டுலயே இருக்கட்டும் என்கிறாள். சிரிப்பு வந்தது எனக்கு. ஆனாலும் கசங்காமல் இருக்க அட்டை வைத்துக் கட்டிக்கொடுத்தேன்.

இப்படிக்கு
உன் அத்தா
அப்துல் ரஷீத்