கோபத்துக்கு அவள் வைத்த பெயர்

28 ஜூன் 2024, வெள்ளி

மழை. ஐந்தாம் படிவ மாணவர்கள் யாரும் டியூஷனுக்கு வரவில்லை. அந்த நேரத்தில் தங்கை கலாதேவியின் வலையொலியை, அவள் நடத்தும் போட்காஸ்டைக் கேட்டேன். வெள்ளிதோறும் கேட்கிறேன். அது அவளுக்குத் தெரியாது.

மனோவியல் படித்தவன் நான். முதுகலை. பாடம் நடத்திய கல்லூரியை மூடினார்கள். எனக்குக் கீழே இருந்தவனை வேறொரு கல்லூரி எடுத்துக்கொண்டது. நான் ஈப்போவில், புந்தோங்கில் வாடகை வீட்டுக் கூடத்தில் வரலாறு டியூஷன் எடுக்கிறேன். கலா மருத்துவமனையில் தாதியாக இருந்தவள். ஆறு மாத ஆலோசகர் பயிற்சிக்குப் போய்வந்து, மனித மனத்தைப் பற்றிப் பேராக் மாநிலம் முழுவதற்கும் விளக்குகிறாள்.

இன்றைய கேள்வி: அடுத்தவர் வீட்டில் பசியோடு உட்கார்ந்துகொண்டு ஏன் 'சாப்பிட்டாச்சு' என்கிறோம்? கூடப் பேசுகிறவள் பமேலா, அவளோடு மருத்துவமனையில் வேலை செய்தவள். "மூணு வீட்டுல சாப்பிட்டாச்சுன்னு சொல்லி, கடைசியில வீட்டுக்கு வந்து மேகி அவிச்சுத் தின்னேன்லா" என்றாள். இருவரும் சிரித்தே பாதி நேரத்தை ஓட்டினார்கள். ஓர் ஆய்வைக்கூடக் குறிப்பிடவில்லை. நானாக இருந்தால் –

சரி. யார் கேட்டார்கள் என்னை.

5 ஜூலை, வெள்ளி

கேள்வி: சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது ஏன் சொல்லிக்கொள்வதில்லை?

பமேலா கிறிஸ்துவர். முதன்முதலாக ஓர் இந்து வீட்டுச் சாவில் 'போயிட்டு வாரேன்' என்று சொன்னபோது கூடமே திரும்பித் தன்னைப் பார்த்தது என்றாள். கலா சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"எங்கண்ணன் அம்மாவ எடுத்த அன்னிக்கு யார்கிட்டயும் சொல்லாமத்தான் போனாரு. அப்படித்தான போகணும். ஆனா அதுக்கப்புறம் அவரு இந்த வீட்டுக்கு வரவே இல்ல. அஞ்சு வருஷமாச்சு. அம்மா இல்லாத வீட்ட அவரால பாக்க முடியல. நானும் வற்புறுத்துறதில்ல. சில பேரு பாசத்த அப்படித்தான் வச்சிருப்பாங்க."

நிறுத்திவிட்டு, அந்த இடத்தை மறுபடியும் கேட்டேன்.

பாசமாம்.

அன்று நடந்ததை நான் இங்கேகூட எழுதியதில்லை. அம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். பின்கட்டில் நல்லம்மாள் அத்தையிடம் கலா சொன்னாள்: "அண்ணன் என்ன செஞ்சாரு? பெரிய படிப்பு. அம்மா திங்கிற மருந்து பேரு ஒண்ணாவது தெரியுமா அவருக்கு?" கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்றிருந்தேன். மூன்று மருந்தின் பெயரும் எனக்குத் தெரியும். இன்றைக்கும் தெரியும். எல்லாம் முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். எங்கே போகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. சாவு வீட்டில் கேட்க மாட்டார்கள்.

அடுத்த இரண்டு வருடம் நோய்த்தொற்று எனக்கு உதவி செய்தது. மாவட்டம் தாண்டக் கூடாது என்றார்கள். ஈப்போவுக்கும் அம்மா வீடு இருக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் அரை மணி நேரப் பயணம்தான். அதன் பிறகு டியூஷன், முட்டி வலி, கார் பழுது.

நான் கோபமாக இருப்பது அவளுக்குத் தெரியும் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் 'வேலை இருக்கு' என்று நான் சொல்லும்போது அவளுக்குச் சுருக்கென்று தைக்கும் என்று. 'பரவால்லண்ணே, உடம்பப் பாத்துக்குங்க' என்பாள். அதைக் குத்தல் என்றுதான் எடுத்துக்கொண்டேன். பரிவா அது?

ஐந்து வருடம் ஒருவன் கோபமாக இருக்கிறான். சம்பந்தப்பட்டவளுக்கு அது தெரியவே இல்லை. இவள்தான் ஆலோசகர்.

8 ஜூலை, திங்கள்

ஐயாவு கடையில் மதியச் சாப்பாடு. கேட்காமலே பொரித்த மீனில் இன்னொரு துண்டு வைத்தார். "உங்க தங்கச்சி போட்காஸ்ட் கேட்டோம் சார். அம்மான்னா அப்படித்தான் சார்" என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இத்தனை வருடமாக அந்தக் கடையில் நான் குழம்பைக் குறை சொல்கிற ஆள். இன்று ஒன்றும் சொல்ல முடியவில்லை. மீன் நன்றாகவே இருந்தது. எரிச்சலாக வந்தது.

11 ஜூலை, வியாழன்

கலாவிடமிருந்து குரல் பதிவு. சாவு வீட்டைப் பற்றிய பகுதிக்கு நிறையப் பேர் எழுதியிருக்கிறார்களாம். துக்கத்தைப் பற்றி ஒரு முழு நிகழ்ச்சி செய்யப் போகிறாளாம். "நீங்க வந்து பேசுங்கண்ணே. படிச்சவரு, எங்களவிட நல்லா விளக்குவீங்க. வீட்டுக்கு வர வேணாம், உங்களுக்குக் கஷ்டமா இருக்கும். ஈப்போவுலயே எங்கயாச்சும் ரெக்கார்ட் பண்ணிக்கலாம்."

படிச்சவரு. இதை அவள் வாயிலிருந்து கேட்க எவ்வளவு காலம் காத்திருந்தேன். வருகிறபோது இப்படி வருகிறது. தாயை மறக்க முடியாத மகனாகப் போய் உட்கார்ந்தால் மனோவியல் பேசலாம். இல்லையென்றால் டியூஷன்தான்.

12 ஜூலை, வெள்ளி

குளிக்கும்போது பேசிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது. ஓரிடத்தில் குரல்கூடத் தானாகத் தழுதழுத்தது. அதுதான் பயமாக இருக்கிறது.

14 ஜூலை, ஞாயிறு

வர முடியாது என்று மட்டும் சொல்லத்தான் கலாவைப் போனில் அழைத்தேன். முட்டி வலி என்றேன். பரவாயில்லை என்றாள். அதோடு விட்டிருக்கலாம்.

"உங்க மனசு எனக்குத் தெரியும்ணே."

"தெரியாது. நான் கோவமா இருக்கேன், கலா. அம்மா செத்த அன்னிலேருந்து கோவமா இருக்கேன். துக்கம்லாம் ஒண்ணுமில்ல."

பின்கட்டில் அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். மருந்துகளின் பெயரையும் வரிசையாகச் சொன்னேன். ஏன் சொன்னேன்? பரீட்சையா அது?

"நான் அப்படிச் சொன்னேனா?"

"சொன்ன."

"எனக்கு ஞாபகமே இல்லண்ணே." பிறகு, "இத்தன நாளா எல்லார்கிட்டயும் உங்களப் பத்தி நல்லதாவே சொல்லிக்கிட்டு இருந்தேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

வென்றதுபோல் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இனி என்னை நல்லவன் என்று நினைக்க ஆளில்லை.

19 ஜூலை, வெள்ளி

வலையொலி வரவில்லை.

26 ஜூலை, வெள்ளி

வந்தது. பமேலா மட்டும். இன்னும் குளிக்கக்கூடப் போகாதவர்கள் ஏன் 'வந்துகிட்டே இருக்கேன்' என்று சொல்கிறார்கள் என்பது கேள்வி. தனியாகக் கேட்டு, தனியாகப் பதில் சொல்லி, தனியாகச் சிரித்தாள். பாதியில் அணைத்துவிட்டேன்.

சாயங்காலம் கலாவின் கணவன் தீபன் அழைத்தான். "என்ன மச்சான் சொன்னீங்க அவகிட்ட? மைக்க துணி போட்டு மூடி வச்சிருக்கா. கேட்டா என்கிட்ட எரிஞ்சு விழுறா." புதிதாக ஒன்றும் சொல்லவில்லை, பழைய விஷயம்தான் என்றேன். "பழசோ புதுசோ, நீங்களே வந்து பாத்துக்குங்கலா. நான் மாட்டேன்" என்றான்.

4 ஆகஸ்ட், ஞாயிறு

போனேன். வழியில் செமோர் வரைக்கும் லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தேன். இரண்டு முறை திரும்பிவிடலாம் என்று தோன்றியது.

கலா கிரில் கதவுக்கு உள்ளே வந்து நின்றாள். திறக்கவில்லை. வெயிலில் நின்றேன்.

"மருந்து பேரு தெரியும்னீங்களே. எத எப்பக் குடுக்கணும்னு தெரியுமா? அம்மா துப்பிடுவாங்க. மறுபடி எப்படிக் குடுக்கணும்னு தெரியுமா?"

நீ என்னைக் கேட்டாயா என்றேன். யார் தடுத்தது என்றாள். மாதாமாதம் வந்தேனே என்றேன். வந்து நாளிதழ் படித்துவிட்டுப் போனதைச் சொன்னாள். அது பொய் என்றேன். முழுப் பொய் இல்லை. எதிர்வீட்டில் மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தவர் நன்றாகக் கேட்பதற்காகத் தண்ணீர்க் குழாயை அடைத்தார். இருவருமே குரலைக் குறைக்கவில்லை.

"கோவம்னா ஒரு மெசேஜ் போட்டிருக்கலாம்ல? நானும் சண்ட போட்டிருப்பேன், அழுதிருப்பேன், முடிஞ்சிருக்கும். இப்படியா நல்லவரு மாதிரி இருந்து ஏமாத்துவாங்க? ஊரே கேட்டுச்சு, நான் சொன்னத."

அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. களைப்பாக இருந்தது. அவளுக்கும்தான், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நிக்க முடியலமா" என்றேன்.

கம்பியிலிருந்து கையை எடுத்தாள். பிறகு பூட்டைத் திறந்தாள். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "செருப்ப வெளிய விடாதீங்க. எதிர்வீட்டு நாய் தூக்கிட்டுப் போயிடும்."

எதிர்வீட்டில் நாய் வளர்ப்பது எனக்குத் தெரியாது. செருப்பை உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.